பள்ளிக்காக ஒரு மனை: திருச்சியில் முகவரி எதை வாங்கித் தருகிறது?

திருச்சியைச் சுற்றி எந்தத் திசையில் மனைப்பிரிவு போட்டாலும், ‘அருகில் பள்ளி, கல்லூரி’ என்ற வரிக்கு விளம்பரத்தில் ஓர் இடம் உண்டு. நல்ல தண்ணீரும் டி.டி.சி.பி. ஒப்புதலும் சொல்லியான பிறகு அந்த வரிதான் விலை பேசுகிறது. மண்ணச்சநல்லூர், சமயபுரம், சோமரசம்பேட்டை, மணிகண்டம், திருவெறும்பூர், துவாக்குடி என்று, நகரத்துக்குள் வேலைக்குப் போய்வரும் குடும்பங்கள் குடியேறுகிற வளையம் ஒன்று மெல்ல மெல்ல உருவாகிவிட்டது. ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகளையும் சேர்த்து 1994இல் மாநகராட்சி ஆன ஊர், 2011இல் திருவெறும்பூரையும் உள்ளே இழுத்துக்கொண்டது. வளையம் அதற்கும் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. இந்தக் குடும்பங்களில் பலவும் இடம் தேடும்போது முதலில் விசாரிப்பது பிள்ளைகளின் படிப்பைத்தான். ஆனால், பள்ளிக்குப் பக்கத்தில் வீடு வாங்கினால் அந்தப் பள்ளியில் இடம் கிடைத்துவிடுமா என்ற கேள்வியை மட்டும் யாரும் அழுத்திக் கேட்பதில்லை. கிடைக்காது என்பதே என் வாதம். திருச்சியில் முகவரி பள்ளியை வாங்கித் தருவதில்லை. பிள்ளையின் நேரத்தை வாங்கித் தருகிறது, அல்லது பிடுங்கிக்கொள்கிறது. இடம் தேடுகிறவர்கள் பள்ளியின் பெயர்ப் பலகையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்து அங்கே போகும் சாலையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

‘நல்ல பள்ளி இருக்கும் பகுதி’ என்ற எண்ணமே வேறு நாடுகளின் சட்டத்திலிருந்து பிறந்தது. அமெரிக்காவின் புறநகர்களில் எந்தத் தெருவில் குடியிருக்கிறீர்களோ, அந்தத் தெருவுக்கு ஒதுக்கப்பட்ட அரசுப் பள்ளியில்தான் பிள்ளை சேரும். சான்ட்ரா பிளாக் என்ற பொருளியலாளர் 1999இல் மாசசூசெட்ஸ் புறநகர்களை எடுத்துக்கொண்டு, பள்ளி எல்லைக்கோட்டின் இருபுறமும் நெருங்கி நிற்கும் வீடுகளின் விலையை ஒப்பிட்டார். தெருவும் கடைகளும் ஏறக்குறைய ஒன்றே, பள்ளி மட்டும் வேறு. தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடினால் வீட்டுக்குச் சுமார் 2.5 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கப் பெற்றோர் தயாராக இருந்தது தெரிந்தது. சீனப் பெருநகரங்களில் நல்ல பள்ளியின் எல்லைக்குள் இருக்கிற பழைய, இடிந்த வீட்டுக்கும் பொன் விலை கேட்பதும் இதே கணக்கில்தான். அங்கே வீட்டுப் பத்திரமே பாதி அட்மிஷன் கார்டு.

தமிழ்நாட்டில் அப்படி ஒரு கோடு கிடையாது. முகவரிக்குச் சட்டம் பேசுகிற இடம் ஒன்றே ஒன்று: 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடம் நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு, அதற்கு விண்ணப்பிக்க வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். மனை வாங்கக் கடன் போடுகிற குடும்பங்களில் பெரும்பாலானவை அந்தப் பிரிவில் வருவதில்லை. மேலும், 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் பிரமதி வழக்கில் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்தது. திருச்சியின் பேர்பெற்ற பழைய பள்ளிகளில் பல அந்த வகைதான். ஆக, மலைக்கோட்டை அடிவாரத்துத் தெப்பக்குளக் கரையிலேயே ஒருவர் குடியிருந்தாலும் எதிரே தெரிகிற பள்ளிமீது அவருக்கு முகவரியால் எந்த உரிமையும் இல்லை. லால்குடியிலிருந்து வருகிறவர் நிற்கும் வரிசையில்தான் அவரும் நிற்க வேண்டும்.

அந்தப் பள்ளிகள் அங்கே ஏன் குவிந்தன என்பது இதைவிடச் சுவையான விஷயம். கோட்டை இருந்த ஊர் இது. மதிலை இடித்து, அகழியைத் தூர்த்துப் போட்ட சாலைகள்தான் மேற்கு, கிழக்கு புலிவார்டு ரோடுகள். மதிலின் நினைவாக மெயின்கார்டு கேட் மட்டும் நிற்கிறது. ஜெர்மானியப் பாதிரியார் ஷ்வார்ட்ஸ் 1762இல் திருச்சிக்கு வந்தபோது அவரைச் சுற்றி இருந்தது பட்டாளம். பட்டாளத்துப் பிள்ளைகளுக்கான பள்ளியிலிருந்து இந்த ஊரின் ஆங்கிலக் கல்வி தொடங்குகிறது. 1826இல் இங்கே இறந்துபோன பிஷப் ஹீபரின் பெயர் பள்ளிகளுக்கும் பின்னர் ஒரு கல்லூரிக்கும் ஆயிற்று. நாகப்பட்டினத்தில் 1844இல் இயேசு சபையார் தொடங்கிய தூய வளனார் கல்லூரி 1883இல் மலைக்கோட்டை அடிவாரத்துக்கு இடம் மாறியது. அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1886இல், தேசியப் பள்ளி தொடங்கிற்று. அது 1919இல் கல்லூரியாக வளர்ந்தது. பெண்களுக்கான ஹோலி கிராஸ் கல்லூரி 1923. ஆற்றுக்கு அக்கரையில் ஸ்ரீரங்கம் ஆண்கள் உயர்நிலைப் பள்ளி 1896. இந்த ஆண்டுகளை வரிசையாகப் பார்த்தால் ஒன்று புலப்படும்: மாணவர்கள் பக்கத்துத் தெருவிலிருந்து வருவார்கள் என்று எண்ணி யாரும் இந்தப் பள்ளிகளைக் கட்டவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து கல்லூரியைப் பெயர்த்து எடுத்து வந்ததே, ரயில்கள் கூடுகிற ஊருக்கு மாணவர் வந்து சேர்வது எளிது என்ற நிலை இருந்ததால்தான் பொருள்படுகிறது. டெல்டா கிராமங்களில் நிலமிருந்த குடும்பங்கள், பையன்களின் படிப்புக்கென்று ஸ்ரீரங்கத்திலோ ஆண்டார் வீதிப் பக்கமோ வாடகைக்கு ஒரு வீடு பிடித்து, பாட்டியையோ அத்தையையோ சமைத்துப் போட வைத்தார்கள். கிராமத்து வீடு கிராமத்திலேயே இருந்தது. ராமேஸ்வரத்திலிருந்து வந்து விடுதியில் தங்கி அதே வளனார் கல்லூரியில் 1950களில் இயற்பியல் படித்த அப்துல் கலாமை எல்லோரும் அறிவார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் காவிரிப் பாலத்தைக் கடந்து படிக்க வந்த தலைமுறையை எழுத்தாளர் சுஜாதா தன் கதைகளில் பதிந்து வைத்திருக்கிறார். பள்ளி நடுவில், மாணவர்கள் சுற்றிலும்: இதுதான் திருச்சியின் பழைய அமைப்பு.

இதற்கு விலக்காக இரண்டு இடங்களில் முகவரி நிஜமாகவே பள்ளியைத் தந்தது. ஒன்று பொன்மலை. தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1920களின் இறுதியில் அங்கே வந்தது. விந்தை என்னவென்றால் அதுவும் நாகப்பட்டினத்திலிருந்துதான் வந்தது. நாகை இழந்த இரண்டையும் திருச்சி பெற்றுக்கொண்டது என்று சொல்லலாம். பணிமனையோடு ரயில்வே காலனி, காலனியோடு ரயில்வே பள்ளி. மற்றது 1960களில் திருவெறும்பூரில் எழுந்த பெல் கொதிகலன் ஆலையும் அதன் கைலாசபுரம் டவுன்ஷிப்பும். டவுன்ஷிப்புக்குள்ளேயே பள்ளிகள், அவற்றில் ஊழியர் பிள்ளைகளுக்கு முன்னுரிமை, சைக்கிளில் போய்வரும் தூரம். துப்பாக்கித் தொழிற்சாலை, ஹெச்.ஏ.பி.பி. வளாகங்களில் கேந்திரிய வித்யாலயா. திருச்சியில் ‘பள்ளிக்காக ஒரு பகுதி’ என்ற கனவுக்கு உருவம் கொடுத்தவை இந்தக் குவார்ட்டர்ஸ்கள்தான் என்பது என் எண்ணம். ஓய்வு பெற்றவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்து காட்டூரிலும் திருவெறும்பூரிலும் மனை வாங்கிக் குடியேறியபோது, அந்த வாழ்க்கையின் நினைப்பையும் கூடவே கொண்டுபோனார்கள். அங்கே பள்ளியைத் தந்தது வேலை, முகவரி அதன் நிழல் மட்டுமே என்பது மறந்துபோயிற்று. வேலையோடு வராத முகவரிக்கு அந்த வலு கிடையாது.

அடுத்து நடந்தது நிலத்தின் கதை. புதிதாகப் பள்ளி தொடங்க இவ்வளவு நிலம் வேண்டும் என்று மாநில விதிகளும் சி.பி.எஸ்.இ. விதிகளும் கேட்கின்றன. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்ட பிறகு, நெரிசலான தெருவில் மாடி கட்டிப் பள்ளி நடத்துவதைச் சமூகமும் சகிக்கவில்லை. சகிக்கக் கூடாததுதான். சின்னக்கடை வீதியிலோ என்.எஸ்.பி. ரோட்டிலோ மைதானத்தோடு பள்ளி கட்ட இனி இடமில்லை; ஆகவே புதிய பள்ளிகள் வயல்களைத் தேடிப் புறவழிச் சாலை ஓரங்களுக்குப் போயின. அங்கே ஆள் இல்லாததால் வேன் வந்தது. இன்று காலை ஏழரை மணிக்கு இந்த நகரத்தில் இரண்டு ஓட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாக நடக்கின்றன: வெளிவட்டத்துப் பிள்ளைகள் தெப்பக்குளத்தையும் கண்டோன்மென்ட்டையும் நோக்கி உள்ளே வருகிறார்கள், தில்லைநகர், உறையூர்ப் பிள்ளைகள் மஞ்சள் வேனில் வெளியே போகிறார்கள். ஒருவர் ‘பள்ளிக்காக’ விட்டுவந்த இடத்துக்கே இன்னொருவர் வேனில் ‘பள்ளிக்காக’ வருகிறார். குறைந்த கட்டணத்தில் அரசு உதவி பெறும் பள்ளிகள் பெரும்பாலும் நடுவிலும், கட்டணம் கூடிய புதிய பள்ளிகள் ஓரத்திலும் இருப்பதால், கையில் பணம் குறைவாக இருந்து மலிவு மனைக்காக ஓரத்துக்குப் போன குடும்பமே இரட்டை நெருக்கடியில் மாட்டுகிறது. பக்கத்தில் இருக்கிற பள்ளிக்குக் கட்டணம் கட்ட முடியாது. கட்டணம் கட்டக்கூடிய பள்ளி பக்கத்தில் இல்லை.

இதன் விலையைக் கணக்குப் போடுவது கடினமல்ல. போக முக்கால் மணி, வர முக்கால் மணி என்று வைத்துக்கொள்வோம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 220 வேலை நாள், 1,000 மணி நேரப் பாடம் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. 220 நாளில் வேனுக்குள் கழிவது 330 மணி நேரம். அதாவது மூன்று மணி நேரம் பாடம் கேட்பதற்கு ஒரு மணி நேரம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதுவும் வேன் ஓடும் பாதையில் முதல் நிறுத்தம் எதுவோ அந்தப் பிள்ளைக்கு இன்னும் அதிகம். தூக்கம், விளையாட்டு, வீட்டுப் பாடம் மூன்றிலும் கைவைக்காமல் இந்த நேரத்தை எடுக்க வழியில்லை. தூரம் குறைந்தால் படிப்பு எப்படி மாறும் என்பதற்குப் பீகாரில் ஒரு சான்று இருக்கிறது: ஒன்பதாம் வகுப்புச் சிறுமிகளுக்கு அரசு சைக்கிள் கொடுத்த திட்டத்தை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் விகிதம் சுமார் 32 சதவீதம் உயர்ந்ததைக் கண்டார்கள், பள்ளியிலிருந்து மூன்று கிலோமீட்டரும் அதற்கு மேலும் தள்ளியிருந்த ஊர்களில்தான் பலன் மிகுந்திருந்தது. பள்ளியில் எதுவும் மாறவில்லை, ஆசிரியர் மாறவில்லை, சாலைதான் சுருங்கியது. தமிழ்நாடு இலவச சைக்கிளையும் மாணவர் பஸ் பாஸையும் அதற்கு முன்பே கொடுக்கத் தொடங்கியதற்குக் காரணமும் இதுவே.

சாலை என்றால் வரைபடத்தில் தெரிகிற கிலோமீட்டர் மட்டுமில்லை. ஸ்ரீரங்கம் ஒரு தீவு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் கிடக்கிறது. மாம்பழச்சாலைக்கும் சிந்தாமணிக்கும் இடையில் இப்போதுள்ள காவிரிப் பாலம் 1976இல் கட்டியது; சீரமைப்புக்காக 2022 நவம்பரில் மூடியபோது, அடுத்த மார்ச் வரை பேருந்துகள் ஓடத்துறையையும் சென்னை புறவழிச் சாலையையும் சுற்றிக்கொண்டு போயின. அந்த நான்கு மாதம் தீவிலிருந்து தெப்பக்குளத்துப் பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்கு, வீடு நகராமலேயே தூரம் கூடிப்போயிற்று. கிழக்கே தஞ்சாவூர் சாலையில் வேறொரு பாடம். பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை சுமார் 14 கிலோமீட்டர் நால்வழிச் சாலைக்கு இருபுறமும் அணுகுசாலை வேண்டுமென்று காட்டூர், அரியமங்கலம் மக்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். லாரிகளும் வெளியூர்ப் பேருந்துகளும் பறக்கிற அந்தச் சாலையைக் கடந்தால்தான் பள்ளி என்றால், ‘இரண்டு கிலோமீட்டர்’ என்று துண்டறிக்கை சொல்வதில் பொருளே இல்லை. பத்து வயதுப் பெண் தனியாக நடந்தோ சைக்கிளிலோ போகக்கூடிய இரண்டு கிலோமீட்டரும், பெரியவர் ஒருவர் வண்டியில் கொண்டுபோய் விட்டே ஆக வேண்டிய இரண்டு கிலோமீட்டரும் ஒரே அளவு கிடையாது. பின்னது, வீட்டில் ஒருவருடைய வேலை நேரத்தையும் சேர்த்து விழுங்கும். பெரும்பாலும் அது அம்மாவின் வேலையாக இருக்கும்.

‘நல்ல பள்ளி கிடைக்குமானால் ஒன்றரை மணி நேரம் பெரிய விலையா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நல்லது என்பதை எதை வைத்துச் சொல்கிறோம்? 2025 பிளஸ் டூ தேர்வில் மாநிலத் தேர்ச்சி 95.03 சதவீதம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் தேறுகிற தேர்வில், எங்கள் பள்ளி நூறு சதவீதம் என்ற பேனர் பள்ளிகளைப் பிரித்துக் காட்டுவதில்லை. பத்தாம் வகுப்பிலேயே யாரைக் கழித்துவிட்டார்கள் என்பதைத்தான் சில சமயம் காட்டுகிறது. மேலும், ‘நல்லது’ என்பதன் அர்த்தமே இங்கே சீக்கிரம் சீக்கிரம் மாறிவிடுகிறது. தொழிற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு 2007இல் நீங்கியதும் பிளஸ் டூ மதிப்பெண்ணே எல்லாம் என்றாகி, நாமக்கல் பாணி உறைவிடப் பள்ளிகள் கொடிகட்டிப் பறந்தன. 2017இல் நீட் வந்தது, மாநில ரேங்க் அறிவிப்பும் நின்றது, பெற்றோர் சி.பி.எஸ்.இ. பக்கம் திரும்பினார்கள். 2020இல் அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அடுத்த ஆண்டு பொறியியலுக்கும் அது நீண்டது. அதுவரை யாரும் ‘பள்ளிக்காக’ என்று தேடிப் போகாத அரசு மேல்நிலைப் பள்ளிக்கு ஒரே நாளில் ஒரு மதிப்பு வந்துவிட்டது. 2017–18இல் கொண்டுவந்த பிளஸ் ஒன் பொதுத் தேர்வு 2025இல் ரத்து. பத்தாண்டுக்கு இரண்டு முறை விதி மாறுகிற ஆட்டத்துக்காக இருபதாண்டு வீட்டுக் கடன் வாங்குவது புத்திசாலித்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை.

பள்ளியின் பங்கு எவ்வளவு என்பதிலும் சான்றுகள் நம் நம்பிக்கையோடு ஒத்துப்போவதில்லை. முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் ஆந்திரத்தில் குலுக்கல் முறையில் ஏழைக் குழந்தைகளுக்குத் தனியார் பள்ளிக் கட்டணத்தைக் கொடுத்து, நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். தெலுங்கிலும் கணக்கிலும் அரசுப் பள்ளியில் இருந்தவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இந்தியில் மட்டும் தனியார் பள்ளிப் பிள்ளைகள் முன்னே இருந்தார்கள். ஆந்திரக் கிராமத்து மலிவுப் பள்ளிகளும் திருச்சியின் பள்ளிகளும் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஆனாலும் பள்ளிகளுக்கு இடையில் நாம் கற்பனை செய்கிற பள்ளத்தாக்கு, அளந்து பார்த்தால் வாய்க்காலாக இருக்கலாம் என்ற சந்தேகத்தையாவது அது எழுப்ப வேண்டும். மிக மோசமான பள்ளியிலிருந்து விலகிப் போவதற்கு எந்தத் தூரமும் தகும். இரண்டு ஓரளவு நல்ல பள்ளிகளுக்கு இடையில் தேர்ந்தெடுக்கும்போது தூரம்தான் தீர்மானிக்க வேண்டும். திருச்சியில் பெரும்பாலான நடுத்தரக் குடும்பங்களுக்கு முன்னால் இருப்பது இந்த இரண்டாவது நிலைமை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. பள்ளி என்று வெளியே சொன்னாலும், பெற்றோர் தேடுவது சூழலை: பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், தெருவில் சாயங்காலம் யார் நிற்கிறார்கள். இதற்கு ஆதாரம் இருக்கிறது. ராஜ் செட்டியும் நதானியல் ஹென்ட்ரனும் அமெரிக்காவில் இடம் பெயர்ந்த லட்சக்கணக்கான குடும்பங்களை ஆராய்ந்தபோது, நல்ல பகுதியில் கழிக்கிற ஒவ்வோர் ஆண்டுக்கும் குழந்தையின் பிற்காலம் அந்தப் பகுதிப் பிள்ளைகளின் நிலையை நோக்கிச் சுமார் 4 சதவீதம் நகர்கிறது என்று கண்டார்கள். ஆகவே சூழல் பொய்யில்லை. ஆனால் அந்தக் கணக்கு, குழந்தை அந்தச் சூழலில் வாழ்கிறது என்று வைத்துக்கொண்டு போடப்பட்டது. காலை ஏழு மணிக்கு வேனேறி மாலை ஐந்தரைக்கு இறங்கி, உடனே டியூஷனுக்குப் போகிற பிள்ளைக்குத் தெருவும் இல்லை, பக்கத்து வீடும் இல்லை. நம் ஊரில் ‘நல்ல சூழல்’ என்ற சொல்லுக்குள் சாதி ஒளிந்திருப்பதையும் சொல்லாமல் விட முடியாது. மாட வீதியில் வாடகைக்கு வீடு தேடிப் பார்த்தவர்களுக்கும், புறநகர் மனைப்பிரிவில் யாருக்கு விற்கிறார்கள் என்று கவனித்தவர்களுக்கும் இது புதிதில்லை. அதைத் தேடிப் போகிறவர்கள் பள்ளியைச் சாக்காகச் சொல்லாமல் இருந்தால் பேச்சாவது நேர்மையாக இருக்கும்.

‘வீடு முதலீடுதானே, பள்ளி மாறினாலும் மனை விலை ஏறுமே?’ என்பது கடைசி மறுப்பு. ஏறலாம். ஆனால் அது மனையைப் பற்றிய வாதம், படிப்பைப் பற்றியது அன்று. இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டியதால்தான் பிள்ளை வேனில் உட்கார்ந்திருக்கிறது. பழைய டெல்டாக் குடும்பங்கள் இந்த முடிச்சைப் போடவில்லை. சொத்து கிராமத்தில் இருந்தது. படிக்கிற ஆண்டுகளுக்கு மட்டும் பள்ளிக்கு நடந்துபோகிற தூரத்தில் ஒரு வாடகை வீடு இருந்தது. பையன் படிப்பு முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இன்றும் அது நடக்கக்கூடியதே. சோமரசம்பேட்டையிலோ டோல்கேட்டுக்கு அப்பாலோ மனையை வாங்கிப் போட்டுவிட்டு, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை உறையூரிலோ ஸ்ரீரங்கத்திலோ இருக்கிற பள்ளியின் பக்கத்தில் வாடகைக்கு இருக்கலாம். வாடகையும் கடன் தவணையும் சேர்ந்து இடிக்கும் என்பது உண்மை. அப்படி இடிக்கும் குடும்பம் மனையைத்தான் தள்ளிப்போட வேண்டும், ஏனென்றால் மனை காத்திருக்கும். முகவரியின் தூரமும் நிலையாக நிற்பதில்லை. பஞ்சப்பூரில் 2025இல் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் திறந்த பிறகு நகரத்தின் தென்புற நெரிசல் வேறு வடிவம் எடுத்திருக்கிறது. காவிரியில் பழைய பாலத்துக்குப் பக்கத்தில் புதிய பாலத்தின் வேலை நடக்கிறது. அது திறந்தால் தீவுக்கும் தெப்பக்குளத்துக்கும் இடையிலுள்ள நிமிடங்கள் குறையும். அதற்குள் இந்த ஆண்டு ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை எந்த வகுப்பில் இருக்கும் என்று பார்த்துத்தான் வீட்டை முடிவுசெய்ய வேண்டும்.